ஒன்பதே காலுக்குப் போட்ட கோடு

இல்ல சார், இன்னும் எழுதாதீங்க. பேனாவ மூடி வைங்க. மனுவ முழுசா வாசிச்சீங்க, நல்லாவே வாசிச்சீங்க, ஒரு எழுத்து விடல. ஆனா அதுல இருக்கிறது பாதிக் கதைதான். மீதிய நான் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் எந்தக் கட்டத்துல என்ன போடணுமோ போடுங்க. டீ ஆறிடப் போகுது, எடுத்துக்கோங்க. பிஸ்கட்ட சும்மா பாத்துட்டே இருந்தா எப்படி, அதுக்கெல்லாம் லஞ்சம்னு பேர் கிடையாது. உங்க மேலதிகாரி கேட்டா, அந்தம்மா வாயத் தொறந்தா மூட மாட்டாங்க, வெறும் வயித்தோட தாக்குப்பிடிக்க முடியலன்னு சொல்லுங்க.

சத்தமா பேசுறேனா? அது அப்படித்தான் சார், முப்பத்தோரு வருஷம் லேப்ல நின்ன தொண்டை. நாப்பது பிள்ளைங்க, நாப்பது கையிலயும் கண்ணாடிக் குழாய், மெதுவா பேசினா வேலைக்காகுமா. பரவால்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் ஒண்ணும் ரகசியம் இல்ல.

பதவின்னு அதுல என்ன போட்டிருக்கு? ஆய்வக உதவியாளர். கேக்க பெருசா இருக்குல்ல. குழாய் கழுவுறது, ஜாடியில இருக்கிற தவளைக்கு மருந்துத் தண்ணி மாத்துறது, பிள்ளைங்க ஊத்தக் கூடாதத ஊத்தினா ஜன்னல தொறந்து விடுறது, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுறது. அந்த எலும்புக்கூடு நான் வேலைல சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. இருப்புப் பதிவேட்டுல அது வந்த தேதியெல்லாம் சுத்தமா இருக்கு. கணக்குப்படி பாத்தா அதுக்குப் பழைய பென்ஷன் உண்டு. எனக்குத்தான் கிடையாது.

சிரிங்க சார், சிரிக்கலாம். நானும் சிரிச்சிருக்கேன். இந்த மாசக் கடைசியோட ரிடயர்மென்ட், இன்னும் ஒம்பது நாள். ஸ்டாஃப் ரூம்ல எனக்கு என்ன பரிசு வாங்கலாம்னு எனக்கே கேக்குற மாதிரி குசுகுசுன்னு பேசிட்டிருக்காங்க. சுவர்க் கடிகாரமாம். கடிகாரம்.

என்ன சார்? ஆமா, கடிகாரத்துக்கு வரேன். மனுவுல அதத்தான் பெருசா போட்டிருக்கு, தெரியுது. அது கடைசில. மொதல்ல ஏன் இத்தன வருஷமா இதுக்கு அலையிறேன்னு தெரிஞ்சுக்கோங்க.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். பழைய திட்டம்னா, ரிடயர் ஆன அடுத்த மாசத்துலேருந்து கடைசியா வாங்கின சம்பளத்துல பாதி, உயிர் இருக்கிற வரைக்கும். புதுத் திட்டம்னா, மாசா மாசம் நம்ம சம்பளத்துல பத்துல ஒண்ணு பிடிச்சுக்குவாங்க, அதே அளவு அரசாங்கமும் போடும், கடைசில சேந்தது எவ்வளவோ அவ்வளவு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க பத்துல ஒண்ண ஒரு மாசம் கூட விடாம பிடிச்சாங்க சார், அதுல கொற சொல்ல மாட்டேன். அவங்க பங்கத்தான் மொத ஒம்பது வருஷம் போடவே இல்ல. சங்கத்துலேருந்து போய்க் கேட்டப்போ, கணக்குல இருக்கு, கையில இல்லன்னு பதில் வந்துச்சு. இதையே நான் சொல்லிருந்தா விட்டிருப்பாங்களா? ரெண்டு டஜன் பீக்கர் கணக்குல இருக்கு, அலமாரில இல்லன்னு நான் சொல்லிருந்தா அன்னைக்கே எனக்கு மெமோ வந்திருக்கும்.

எங்க வாட்ச்மேன் போன வருஷம் ரிடயர் ஆனாரு. புதுத் திட்டம்தான் அவருக்கும். மாசம் என்ன வருதுன்னு கேட்டேன். ரெண்டு சிலிண்டர் வாங்கலாம், அடுப்புல வெக்க ஒண்ணும் வாங்க முடியாதுன்னாரு. இப்ப ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல திரும்பவும் வாட்ச்மேனா நிக்கிறாரு. அம்பத்தொம்பது வயசு. இந்தப் பக்கம் தையல் டீச்சர். எனக்கு ஒரு வாரம் முன்னாடி வேலைல சேந்தவ, ஒரே நாள்ல ஒரே தாள்ல ரெண்டு பேருக்கும் நியமன உத்தரவு போட்டாங்க, தபால் மட்டும் அவ தெருவுக்கு சீக்கிரம் வந்துடுச்சு. அவளுக்குப் பழைய பென்ஷன். போன வாரம் பேரனுக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டு வந்து நின்னா. யாரையும் கேக்கல சார் அவ. கடைக்குப் போனா, பாத்தா, வாங்கினா. எனக்கு சைக்கிள் மேல ஆசை இல்ல. அப்படிக் கேக்காம வாங்கினா பாருங்க, அதுமேலதான்.

இப்ப அந்த நாள். என் உத்தரவு மாசக் கடைசிக்கு மொத நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்துச்சு. உடனே சேரணும், கூடவே உடல் தகுதிச் சான்று வேணும். அடுத்த நாள், அதான் மாசக் கடைசி, எட்டு மணிக்கே அரசாங்க ஆஸ்பத்திரில போய் நின்னேன். டாக்டர் எட்டே முக்காலுக்கு வந்தாரு. கண்ணக் கீழ இழுத்துப் பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு, இருமச் சொன்னாரு, தகுதின்னு எழுதிட்டாரு. முத்திரை குத்தணுமே, ஸ்டாம்ப் பேடு காஞ்சு கெடக்கு. மை கொண்டு வர்ற ஆள் லீவு. நான் பாட்டில்லேருந்து ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டேன், அவரு ஒரு அமுக்கு அமுக்கினாரு, முத்திரைன்னு சொன்னாத்தான் அது முத்திரை, இல்லன்னா ஏதோ ஊதாக் கலர்ல சிந்தினதுன்னு நெனச்சுக்குவீங்க. அத வாங்கிட்டு ஓடினேன் சார். பாதி வழில செருப்பு வார் அந்துபோச்சு. ரெண்டு செருப்பையும் கையில தூக்கிட்டு ஓடினேன். இருபத்தேழு வயசு, ஓட முடிஞ்சுது.

ஸ்கூல் ஆபீஸ்ல ஹெட்மாஸ்டர் இல்ல, கேள்வித்தாள் விஷயமா மீட்டிங் போயிருந்தாரு. வருகைப் பதிவேடு ஒரு கிளார்க் பொறுப்புல இருந்துச்சு. ஒல்லியா, முப்பது வயசு இருக்கும், சட்டைப் பையில மூணு பேனா, மேஜைல ஒரு ஸ்கேல். பிள்ளைங்க அவருக்கு வெச்ச பேரே ஸ்கேலு. எதுக்குக் கீழ கோடு போட்டாலும் ஸ்கேல் வெச்சுத்தான் போடுவாரு. கையால சும்மா இழுக்க வராது அவருக்கு. ஒன்பதே காலுக்குப் பதிவேட்டுல செவப்பு மையில ஒரு கோடு. அது அந்த ஸ்கூல் வழக்கம். கோட்டுக்கு மேல கையெழுத்து போட்டவங்க நேரத்துக்கு வந்தவங்க, கீழ போட்டவங்க லேட்டு. மூணு லேட்டுக்கு அர நாள் சம்பளம் போச்சு. அந்தக் கோட்டப் பாத்து ஹெட்மாஸ்டரே பயப்படுவாரு.

நான் உள்ள நுழையிறேன். அலமாரிக்கு மேல இருந்த கடிகாரத்துல ஒம்பது பதினேழு. அவரு அப்பத்தான் கோட்டப் போட்டு மையக் காய வெச்சுட்டு இருக்காரு. உத்தரவக் குடுத்தேன், சான்றக் குடுத்தேன். எல்லாத்தையும் ரெண்டு தடவ வாசிச்சாரு. என் காலப் பாத்தாரு, கையில இருந்த செருப்பப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, உக்காருங்க, தண்ணி குடிங்க, ஆனா இன்னைக்கு சேராதீங்க.

ஏன்னா சார், காரணம் கேளுங்க. கோட்டுக்கு மேல இடம் இல்ல. கீழ கையெழுத்து போட்டா லேட்டுன்னு ஆயிடும். வேலைல சேர்ற மொத நாளே லேட்டுன்னு உங்க பணிப் பதிவேட்டுல ஏறிடும், அது ரிடயர் ஆகுற வரைக்கும் அழியாது, நாளைக்கு ஒண்ணாந் தேதி, காலைல நேரத்தோட வந்து மொத வரியில சுத்தமா கையெழுத்து போடுங்க, பாக்கவும் லட்சணமா இருக்கும். இதான் அவரு சொன்னது. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. எனக்கு அவருமேல அப்படி ஒரு மரியாதை வந்துடுச்சு. முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தி பேருல ஒரு கறை படக் கூடாதுன்னு நெனைக்கிற மனுஷன எங்க பாக்கிறது. ரொம்ப நன்றி சார்னு சொல்லிட்டு, வெறுங்காலோட வீட்டுக்கு நடந்து போனேன்.

அடுத்த நாள் எட்டரைக்கே போய் மொத வரில கையெழுத்து போட்டேன். லட்சணமாத்தான் இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு சுற்றறிக்கை வந்துச்சு. ஒண்ணாந் தேதியிலேருந்து சேர்றவங்க எல்லாருக்கும் புதுத் திட்டம், பழைய பென்ஷன் கிடையாது. அந்தச் சுற்றறிக்கைய எனக்கு வாசிச்சுக் காட்டினதே அந்த ஸ்கேலுதான். வாசிச்சுட்டே வந்தவரு தேதி வந்ததும் அந்த வரிய மறுபடியும் வாசிச்சாரு. எனக்கு அப்ப ஒண்ணும் பெருசா தெரியல. இருபத்தேழு வயசுல பென்ஷன யாரு நெனைக்கிறா. அவரு மூஞ்சியப் பாத்துத்தான் ஏதோ ஆகக் கூடாதது ஆயிடுச்சுன்னு புரிஞ்சுது.

ஆமா சார், சரியாக் கேட்டீங்க. பிற்பகல்ல சேந்தாங்கன்னு அன்னைக்கே எழுதிருக்கலாம்தான். விதில இடம் இருக்கு. அது அவருக்கு மூணு வருஷம் கழிச்சு ஒரு பயிற்சி வகுப்புல உக்காந்திருந்தப்போதான் தெரிஞ்சுது. அன்னைக்கு சாயங்காலம் அவரு சாப்பிடல.

எனக்கு எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்க வந்ததுலேருந்து அப்போதைய இளநிலை உதவியாளர், அப்போதைய இளநிலை உதவியாளர்னு வாசிச்சுட்டே இருக்கீங்களே, அவரு இப்ப எங்க இருக்கார்னு விசாரிச்சீங்களா? நீங்க உக்காந்திருக்கிறது அவரு நாற்காலி. அந்த அப்போதைய இளநிலை உதவியாளர்தான் இப்போதைய என் வீட்டுக்காரர்.

பாத்து பாத்து, டீ சட்டைல கொட்டிடப் போகுது. இந்தாங்க துணி.

அவரு இப்ப இல்ல சார், கடைக்குப் போயிருக்காரு. வர நேரமாகும். அவரு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடுறேன்.

எப்படி ஆச்சுன்னா, மனுவுலதான் ஆச்சு. சுற்றறிக்கை வந்த அடுத்த வாரமே எனக்காக ஒரு மனு எழுதிக் குடுத்தாரு. ரெண்டு நிமிஷத் தாமதத்த மன்னிச்சு முந்தின நாள் தேதியிலேயே சேந்ததா எடுத்துக்கணும்னு. பதில் வரல. ரெண்டாவது எழுதினாரு. பதில் வந்துச்சு, பரிசீலிக்க இயலாதுன்னு. மூணாவது, நாலாவது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல லேப்ல உக்காந்து எழுதுவோம். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அப்புறம் அவரு கோடு போடுவாரு. எலும்புக்கூடு பாத்துட்டே நிக்கும். அஞ்சாவது மனு முடிச்சப்போ, இது நடக்கலன்னா நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா சொல்றேன்னாரு. ஆட்சேபணைங்கிற வார்த்தையப் போட்டுக் கல்யாணம் கேட்ட மனுஷன நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, பின்னயும் பாத்ததில்ல.

பதிவு அலுவலகத்துல கல்யாணம். பத்து மணின்னு சொல்லிருந்தாங்க. நான் ஒன்பதே முக்காலுக்கு வந்து உக்காந்துட்டேன். அவரு வந்தது பத்து நாப்பதுக்கு. பஸ் வரலியாம். நெனச்சிருந்தா ஒரு கோட்டப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல?

அதுக்கப்புறமும் மனு நிக்கல. மொத்தம் பத்தொம்பது. ஒவ்வொண்ணுலயும் அதே வாசகம், மனுதாரர் ரெண்டு நிமிடம் தாமதமாக வந்தார். அதத் திரும்பத் திரும்ப எழுதி எழுதி எனக்கே அது மனசுல ஊறிப்போச்சு. நான் லேட்டு. என் தப்பு. அன்னைலேருந்து நேத்து வரைக்கும் ஒரு நாள் கூட நான் லேட்டா போனதில்ல சார், என் பதிவேட்ட எடுத்துப் பாருங்க. காய்ச்சல்ல போயிருக்கேன். பொண்ணு பொறக்குறதுக்கு மொத நாள் போயிருக்கேன். வீட்ல மூணு அலாரம். பஸ்ஸ நம்பாம நாலு நிறுத்தம் நடந்தே போவேன். எங்க பொண்ணு கேலி பண்ணுவா, அம்மா சினிமாவுக்குப் போனா தியேட்டர்காரனுக்கு முன்னாடி போய்க் கதவத் தொறப்பாங்கன்னு. அந்த ரெண்டு நிமிஷத்த முப்பத்தோரு வருஷமா திருப்பிக் கட்டிட்டே இருந்தேன்.

அவரு ரிடயர் ஆகி மூணு வருஷம் ஆகுது. அவருக்குப் பழைய பென்ஷன்தான், நல்லபடியா வருது. பொண்ணு ஃபோன்ல சொல்றா, ஏம்மா இதுக்குப் போய் அலையிற, அப்பா பென்ஷன் ரெண்டு பேருக்குப் போதாதான்னு. போதும். யாரு இல்லன்னா. அவரு கஞ்சன் இல்ல, கேட்டா குடுப்பாரு, எண்ணிப் பாக்காம குடுப்பாரு. ஆனா கேக்கணும்ல சார். இத்தன வருஷம் என் காசுல நான் பஸ் ஏறியிருக்கேன். நாளைக்கு ஒரு கண்ணாடி மாத்தணும்னா, ஒரு சேலை எடுக்கணும்னா, தையல் டீச்சரோட வெளிய போய் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடணும்னா, அவரு முன்னாடி போய் நின்னு, என்னங்கன்னு ஆரம்பிக்கணும். நல்ல மனுஷன்கிட்டயே இருந்தாலும் நீட்டுற கை நீட்டுற கைதான். எனக்கு அது பிடிக்கல. அதச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல.

அப்பத்தான் இந்தப் புது உத்தரவு வந்துச்சு. நியமன உத்தரவு புதுத் திட்டத்துக்கு முன்னாடியே கைக்கு வந்து, அலுவலகத் தப்பால சேரத் தாமதமானவங்களுக்குப் பழைய பென்ஷன் தரலாம்னு. ஊழியரே லேட்டுன்னா கிடையாது. அதான உங்க படிவத்துல ரெண்டு கட்டம், ஊழியர், அலுவலகம். எனக்கு எந்தக் கட்டம்னு பாக்கத்தான நீங்க வந்திருக்கீங்க. சரி. ஏழாவது பத்திய நானும் படிச்சேன் சார். அலுவலகத் தப்புன்னா, இதனால ஆகுற கூடுதல் செலவ அந்தத் தப்ப செஞ்ச ஊழியர்கிட்டேருந்து பிடிச்சுக்கலாம், ரிடயர் ஆகியிருந்தா அவரு பென்ஷன்லேருந்து பிடிச்சுக்கலாம். யாரு சார் அந்த வரிய யோசிச்சது? அந்த ஆளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. அரசாங்கம் எனக்குப் பென்ஷன் தரும், காசு மட்டும் என் வீட்டுக்காரர் பையிலேருந்து வரும். இந்தப் பையிலேருந்து எடுத்து அந்தப் பையில போட நடுவுல ஒரு கஜானா, ஒரு துறை, நீங்க, உங்க ஜீப்பு.

இப்பக் கடிகாரத்துக்கு வரேன். மனுல இருக்கிறது என்ன? அந்த ஆபீஸ் கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடிச்சு. டீச்சருங்க லேட்டா வராங்கன்னு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு லீவு நாள்ல அந்தக் கிளார்க்கே ஸ்டூல் போட்டு ஏறி முள்ளத் தள்ளி வெச்சாரு. யாருக்கும் சொல்லல. அப்ப இருந்த வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தப் பாத்து பெல் அடிக்கிறவரு, அதனால வெளிய தெரியல. அதாவது நான் உள்ள நுழைஞ்சப்போ நிஜமான மணி ஒம்பது பன்னெண்டு. கோட்டுக்கு இன்னும் மூணு நிமிஷம் இருந்துச்சு. நான் லேட்டே இல்ல. சரியா? இதத்தான வாசிச்சீங்க? மனுவோட கடைசி வரி, முழுப் பொறுப்பும் அந்த உதவியாளரோடது, ஏழாவது பத்திப்படி அவரு பென்ஷன்லேருந்து பிடிச்சுக்க சம்மதம்.

நான் சம்மதிக்கல சார். அத அடிச்சுடுங்க. எழுதுறதா இருந்தா இப்படி எழுதுங்க. கடிகாரம் யாரோடது? அரசாங்கத்தோடது, இருப்புப் பதிவேட்டுல இருக்கு. ஸ்கேல் அரசாங்கத்தோடது. செவப்பு மை அரசாங்கத்தோடது. அந்தக் கோட்டப் போட்ட ஆளு அன்னைக்கு யாரோட ஆளு? அரசாங்கத்தோட ஆளு. என் ஆளா ஆனது ஒன்னரை வருஷம் கழிச்சு. என்கிட்ட வந்ததுக்கு அப்புறம் அவரு செஞ்ச தப்புக்கெல்லாம் நான் ஒரு பெரிய பட்டியலே வெச்சிருக்கேன், அதுக்கு நான் பொறுப்பு, நானே வசூல் பண்ணிக்கிறேன். அதுக்கு முன்னாடி செஞ்சது உங்க கணக்கு. நான் உழைச்சது அவருக்கு இல்ல, பள்ளிக்கூடத்துக்கு. என் பங்க மாசா மாசம் போட்டேன். உங்க பங்க நீங்க போடுங்க. புருஷன்கிட்ட வாங்கி எனக்குக் குடுக்க எனக்கு எதுக்கு சார் ஒரு அரசாங்கம்?

அப்படி எழுத இடம் இல்லையா? பின்னாடி வெள்ளையா இருக்கே, அங்க எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன். மேல போகட்டும், பாத்துக்கலாம். பத்தொம்பதுக்கு இல்லன்னு சொன்னவங்க, இருபதாவதுக்கும் இல்லன்னு சொன்னா எனக்கொண்ணும் புதுசு இல்ல.

ஏன் நானே மனு குடுத்துட்டு நானே அடிக்கச் சொல்றேன்னு பாக்குறீங்க. அது நான் எழுதினது இல்ல சார். கையெழுத்து என்னோடதுதான். போன மாசம் ரிடயர்மென்ட் பேப்பர்னு சொல்லிப் பதினோரு எடத்துல வாங்கினாரு, நானும் வாசிக்காம போட்டேன். அதுல ஒண்ணு இது. தேதிக்குக் கீழ பாருங்க. மணிக்குக் கீழ பாருங்க. செவப்பு மை, நேர்க்கோடு. வேற யாரு போடுவா.

அந்தக் கடிகாரம் விஷயம் எனக்கு எப்பத் தெரியும்னு நெனைக்கிறீங்க? இப்பத்தான். நீங்க டீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டாம் பக்கத்த வாசிச்சீங்களே, அப்போ. பத்தொம்பது மனுவுல இல்லாத விஷயம். இருபத்தொம்பது வருஷம் ஒரே வீட்ல, ஒரே தட்டுல சாப்பிட்ட நாளும் உண்டு, ஒரு தடவ கூட வாயத் தொறக்கல. நான் ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா உங்களுக்கு இவ்வளவு மனக் கஷ்டம் இருந்திருக்காதுன்னு நான் அவருகிட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன் தெரியுமா. அப்பல்லாம் அவரு எந்திரிச்சுப் போய் ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு நிப்பாரு. என்மேல இரக்கப்படுறாருன்னு நெனச்சுக்குவேன்.

கோவமான்னா, கோவம்தான். சிரிச்சுட்டே பேசுறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு முள்ளத் தள்ளினது தப்பு, கோடு போட்டது தப்பு, அதெல்லாம் கூட எனக்கு ஜீரணமாயிடும், அவரு அப்படித்தான். தன் பென்ஷன முழுசா பிடிச்சுக்கோங்கன்னு எழுதிருக்காரே, அதுவும் அவரு மாதிரிதான் இருக்கு. ஆனா அரசாங்கத்துக்கு மூணு பிரதில மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரிஞ்ச மனுஷன், என்கிட்ட ஒரு பிரதி குடுக்கல பாருங்க. அதத்தான் தாங்க முடியல.

இல்ல சார், அவரு கடைக்கெல்லாம் போகல. அது நான் சும்மா சொன்னது. நீங்க வாசல் கேட்டத் தொறக்குறத ஜன்னல்ல பாத்துட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டவருதான். அந்தக் கதவுக்கு அடியில பாருங்க, ரெண்டு கால் தெரியுதா? இவ்வளவு நேரமும் அங்கயேதான் நிக்குது. நான் உங்ககிட்டயா சார் பேசிட்டு இருந்தேன்? இதுல முக்கால்வாசி உங்க ஃபைல்லயே இருக்கே.

என்னங்க, கேட்டுச்சுல்ல. போதும், வெளிய வாங்க. பேனா எடுத்துட்டு வர வேணாம், வாயால சொல்லுங்க.

சார், நீங்க எங்க எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. அரசாங்கத் தரப்புல ஒரு ஆள் இருந்தாத்தான் அவரு ஒழுங்கா சொல்லுவாரு.